தேர்ச்சி இருக்கிறது, கிரெடிட்டை யார் எடுப்பார்கள்?

போன மாதம் என்னிடம் முன்பு உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வணிகப் பிரிவு. இரண்டு தரம் சோதனை எடுத்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. நியூ ஜெர்சியில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவின் மகள் வேலை செய்துகொண்டே இணையவழியில் பட்டம் முடிக்கிறாவாம். அந்த அக்காவின் பேச்சைக் கேட்டு இவளும் மாதக் கட்டணம் கட்டும் ஒரு இணையப் பாடத் தளத்தில் சேர்ந்து, மூன்று மாதத்தில் ஏழு பாடம் முடித்துவிட்டாள். மடிக்கணினியைத் திறந்து, பச்சை நிறத்தில் சித்தி (பாஸ்) என்று காட்டும் ஏழு வரிகளையும் காட்டினாள். அப்புறம் கேட்டாள்: “சேர், இதை வேற கம்பஸ் எடுக்குமோ?”

ஓம் என்றோ இல்லை என்றோ என்னால் உடனே சொல்ல முடியவில்லை. இப்படி முடித்த பாடங்களைச் சில இடங்கள் தங்கள் பட்டத்துக்குக் கிரெடிட்டாக, அதாவது படித்த அளவின் கணக்காக, எடுக்கும், சில இடங்கள் எடுக்காது. எடுக்கிற இடத்திலும் எதற்குப் பதிலாக எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பணம் வாங்கிப் படிப்பிக்கிற தளம் இதைப் பற்றி என்ன சொன்னாலும், முடிவு செய்வது அடுத்ததாகப் போய்ச் சேரும் கல்லூரிதான். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் வெளிநாட்டுச் சொந்தங்களின் காசையும் தங்கள் இரண்டு மூன்று வருடங்களையும் போடுகிற பிள்ளைகளை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தேர்ச்சி என்ற சொல் எங்கள் ஆசிரியர்களுக்குப் புதிதில்லை. பாடசாலைக்கு வரும் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிள்ளை எத்தனை பாடவேளை இருந்தது என்பதை விட, கடைசியில் எதைச் செய்யக்கூடியதாக இருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லும் முறை அது. தேர்ச்சி அடிப்படையிலான இணையக் கல்லூரிகள் இதே எண்ணத்தைப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுபோகின்றன. பாடத்தில் எதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலே எழுதி வைத்திருப்பார்கள். தெரியும் என்று காட்டினால் அந்தப் பாடம் முடிந்தது. ஏற்கெனவே கணக்குப் பதிவு வேலை செய்த ஒருவர் அறிமுகக் கணக்கியலை ஒரு கிழமையில் முடிக்கலாம். புதிதாகப் படிப்பவருக்கு அதே பாடம் மூன்று மாதம் பிடிக்கலாம்.

இந்த வழியில் அதிகம் பேசப்படும் பெயர் வெஸ்டேர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997 இல் உருவாக்கியது; யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் சிற்றியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை பாடம் முடித்தாலும் மேலதிகக் காசு இல்லை. அந்த நியூ ஜெர்சி அக்கா படிப்பதும் அங்கேதான். ஆனால் அது அமெரிக்காவில் வசிப்பவர்களை மனதில் வைத்து நடத்தப்படும் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணத்தில் இருந்து சேர்வதற்கானது அல்ல. கப்பெல்லாவின் பிளெக்ஸ்பாத், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் நெகிழ்வுத் திட்டம் போன்றவையும் 2013 ஐ ஒட்டி இதே பாதையில் வந்தவை.

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிற முறையை மற்றக் கல்லூரி ஏன் யோசித்துப் பார்த்து எடுக்கிறது? கிரெடிட் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். ஆண்ட்ரூ கார்னெகி என்ற உருக்கு ஆலை முதலாளி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகப் பெருந்தொகை கொடுத்தார். அந்தப் பணத்தைப் பங்கிட 1900களின் தொடக்கத்தில் அமைந்த அறக்கட்டளை, ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டுமென்றால் மாணவரை இன்ன அளவு படித்த பிறகே கல்லூரிகள் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த அளவை மணித்தியாலத்தில் வைத்தார்கள். கல்லூரிக் கிரெடிட்டும் அதே வழியில் வளர்ந்தது: கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு, இரண்டு மணித்தியாலம் சொந்தப் படிப்பு, இப்படிப் பதினைந்து கிழமை போனால் ஒரு கிரெடிட். ஓய்வூதியக் கணக்குக்குப் பிறந்த அளவுகோல் நூறு வருடத்துக்கு மேலாகப் படிப்பை அளந்துகொண்டிருக்கிறது.

தேர்ச்சி முறைக் கல்லூரி மணித்தியாலத்தை எண்ணுவதில்லை. ஆனாலும் வெளியே போகும் பெறுபேற்றுப் பத்திரத்தில் மணித்தியாலக் கணக்குக்குச் சமமான ஒரு எண்ணை எழுதித்தான் ஆக வேண்டும். வெஸ்டேர்ன் கவர்னர்ஸ் தன் அலகுகளைத் தேர்ச்சி அலகு என்று சொல்லும், ஒரு தேர்ச்சி அலகை ஒரு கிரெடிட்டுக்குச் சமமாக வைக்கும். ஏ, பி, சி என்று புள்ளி கிடையாது. சித்தி அல்லது சித்தியில்லை. சித்தி என்றால் குறைந்தது பி தரத்துக்குச் சமம் என்று அந்தப் பல்கலைக்கழகம் விளக்கம் கொடுக்கிறது. இடம் மாறும் மாணவர்களின் தரச் சராசரியைப் பார்த்து ஆள் எடுக்கும் கல்லூரிக்கு இந்த விளக்கம் போதலாம், போதாமலும் விடலாம். எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கக்கூடிய பிள்ளைக்கு இதனால் நட்டம் கூட. அவளுடைய திறமை பி என்ற கோட்டில் போய் நின்றுவிடும்.

இதில் நாட்டுக்கு நாடு எண் வேறு. எங்கள் பெற்றோரைக் குழப்புவது பெரும்பாலும் இந்த இடம்தான். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட். பிரித்தானியாவில் மூன்று வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 360. அங்கே ஒரு கிரெடிட் என்பது பத்து மணித்தியாலப் படிப்பு. ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியாலம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் ஒரு கிரெடிட்டை 50 மணித்தியாலக் கற்றலாக வைக்கிறது. மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அமெரிக்கக் கிரெடிட் ஒன்றைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 45 மணித்தியாலம் வரும். ஆகவே “எனக்கு 21 கிரெடிட் இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், எந்த நாட்டு 21 என்று கேட்காமல் அதற்கு ஒரு பெறுமதியும் சொல்ல முடியாது. பிரித்தானியக் கணக்கில் 21 என்பது 210 மணித்தியாலம். அமெரிக்கக் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பில் முக்கால் பங்கு.

ஒரு இடத்தில் படித்து இன்னொரு இடத்தில் அங்கீகாரம் வாங்கும் வேலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் இல்லை. அமெரிக்க மிஷனரிமாரின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் வந்தபோது அதன் முதல் பட்டதாரிகளாக வெளியேறிய இருவரும் செமினரியில் படித்த எங்கள் ஊர்க்காரர்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். செமினரிக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் கற்றது வட்டுக்கோட்டையில், அந்தக் கல்விக்கு உலகம் மதிக்கும் கடதாசி கிடைத்தது சென்னையில். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் வந்தது. 1858 இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று லண்டன் கேட்கவில்லை. சோதனையில் தெரிந்ததைக் காட்டு என்றது. 1921 இல் கொழும்பில் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரிகூட லண்டன் சோதனைக்குத்தான் மாணவரைத் தயார்செய்தது. எங்கள் பழைய ஆசிரியர்களில் வீட்டில் இருந்து படித்து லண்டன் பீ.ஏ. எடுத்தவர்கள் உண்டு. நேரத்தைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்துப் பட்டம் கொடுத்த முறை அது. அந்தப் பட்டத்தை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் சோதனையை வைத்தது லண்டன்.

இன்றைக்கும் கதை அதேதான். எப்படிப் படித்தாய் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். இந்தச் சோதனைக்குப் பின்னால் நிற்பது யார் என்று முதலில் பார்ப்பார்கள். அமெரிக்காவில் அதற்குப் பெயர் அங்கீகாரம். அதை அரசாங்கம் நேரடியாகக் கொடுப்பதில்லை. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அங்கீகார அமைப்புகள் கொடுக்கின்றன. அவற்றில் பிராந்திய அமைப்புகள் என்றும் தேசிய அமைப்புகள் என்றும் நெடுங்காலமாக இரண்டு வகை. பெரிய பல்கலைக்கழகங்கள் பிராந்திய அங்கீகாரம் உள்ளவை. அவை தங்களைப் போன்ற இடத்தில் இருந்து வரும் கிரெடிட்டையே எடுத்துப் பழகியவை. 2020 ஜூலையில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் தன் விதிகளில் இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. கல்லூரிகளின் பழக்கம் அதோடு போய்விடவில்லை. வெஸ்டேர்ன் கவர்னர்ஸுக்கு இருப்பது வடமேற்குப் பிராந்திய அமைப்பின் அங்கீகாரம். அதனால்தான் தேர்ச்சி முறையாக இருந்தாலும் அந்த அக்காவுக்கு முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நிறைய இடம் உண்டு.

எங்கள் பிள்ளைகள் சிலர் சேரும் யூனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிள் இதற்கு நல்ல உதாரணம். அது தேர்ச்சி முறை இல்லை, தவணை முறைதான்; படிப்புக்குக் கட்டணம் இல்லை, மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு. 2009 இல் தொடங்கியது. 2014 இல் தொலைக்கல்விக்கான தேசிய அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் கிடைத்தது. மேற்குப் பிராந்திய அமைப்பின் அங்கீகாரம் 2025 இல்தான் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றே, ஆனால் அதன் கடதாசிக்குத் திறக்கும் கதவுகள் இனிக் கூடும்.

தேர்ச்சி முறையைப் பற்றி அமெரிக்காவிலேயே சந்தேகம் இருந்ததையும் சொல்ல வேண்டும். 2017 இல் கல்வித் திணைக்களத்தின் கணக்காய்வுப் பிரிவு, வெஸ்டேர்ன் கவர்னர்ஸில் ஆசிரியர் மாணவர் தொடர்பு போதாது, அது கிட்டத்தட்ட அஞ்சல் வழிக் கல்வி, ஆகவே மாணவர் உதவிப் பணமாக வாங்கிய 71 கோடி டொலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019 ஜனவரியில் திணைக்களம் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது, பணம் திருப்பிக் கேட்கப்படவில்லை. சந்தேகம் தீர்ந்தது போலத்தான். ஆனாலும் பாடத்தை ஒரு கிழமையில் முடித்தேன் என்று எழுதிய விண்ணப்பத்தைப் பார்க்கும் பதிவாளருக்கு இரண்டாம் தரம் யோசிக்கத் தோன்றும். நான் அந்தக் கதிரையில் இருந்தாலும் யோசிப்பேன்.

கிரெடிட் தொலைவது இணையப் படிப்பில் மட்டும் நடப்பதாகவும் நினைக்க வேண்டாம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, அந்த நாட்டின் அரச பொறுப்புக்கூறல் அலுவலகம் 2017 இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. மாறியவர்கள் சராசரியாக 43 வீதக் கிரெடிட்டை இழந்தார்கள் என்பது அதன் கணிப்பு. வகுப்பில் இருந்து படித்தவர்களுக்கே இந்த நிலை.

இப்போது எங்கள் பிள்ளையின் ஏழு பாடங்களுக்கு வருவோம். அவள் சேர்ந்த தளம் ஒரு கல்லூரியே இல்லை. சோபியா, ஸ்டடி டொட் கொம், ஸ்ரெயிட்டர்லைன் போன்றவை பாடம் நடத்தும் நிறுவனங்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அமெரிக்கக் கல்விச் சபை என்ற அமைப்பு அவற்றின் பாடங்களைப் பரிசோதித்து, “இதற்கு மூன்று கிரெடிட் கொடுக்கலாம்” என்று பரிந்துரை செய்கிறது. கொடுக்கலாம் என்பதற்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. எக்செல்சியர், தோமஸ் எடிசன், சாட்டர் ஓக் ஆகிய மூன்றும் வளர்ந்தவர்களின் வெளிப்படிப்புக்குக் கிரெடிட் கொடுப்பதற்காகவே 1970களின் தொடக்கத்தில் உருவானவை. அவை இப்படியான பரிந்துரைகளைத் தாராளமாக எடுக்கும். வெஸ்டேர்ன் கவர்னர்ஸும் எடுக்கும். பேர்பெற்ற பல பல்கலைக்கழகங்கள் எடுக்காது. கனடாவில் உள்ள பல்கலைக்கழகத்தை அமெரிக்கச் சபையின் பரிந்துரை கட்டுப்படுத்தாது. அங்கே ஒவ்வொரு பாடமாகப் பார்த்துச் சொல்வார்கள். இவளுடைய நோக்கமோ கனடா.

எடுத்தோம் என்று சொல்லும் கல்லூரியிடமும் அடுத்த கேள்வி கேட்க வேண்டும்: எந்தப் பாடத்துக்குப் பதிலாக? முகாமைத்துவப் பட்டத்துக்குக் கட்டாயமான கணக்கியல் பாடத்துக்குப் பதிலாக எடுத்தால் ஒரு பாடம் குறைந்தது. விருப்பத் தெரிவு என்று மட்டும் எடுத்தால், விருப்பத் தெரிவுக்கு இடம் முடிந்த பிறகு வரும் கிரெடிட் பத்திரத்தில் கிடக்கும், பட்டத்தைக் கிட்டக் கொண்டுவராது. அதோடு பெரும்பாலான கல்லூரிகள் 120 இல் குறைந்தது 30 கிரெடிட்டாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்று வைத்திருக்கும்.

இலங்கையில் நிலைமை இன்னும் இறுக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ வேறு அரச பல்கலைக்கழகமோ உள்வாரிப் பட்டத்துக்கு உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியில்தான் ஆள் எடுக்கிறது. வெளியில் சேர்த்த கிரெடிட்டோடு வந்து இரண்டாம் வருடத்தில் உட்காரும் வழி அங்கே இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிக்கிறது. அதற்கு அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கும். பார்ப்பது பல்கலைக்கழகத்தையும் முடித்த பட்டத்தையும். உதிரியான ஏழு பாடத்துக்கு அங்கே கதவு இல்லை. அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆணைக்குழுவின் அந்தக் கடிதம் எவ்வளவு பெறுமதி என்பது, பட்டம் கையில் இருந்தும் கடிதம் இல்லாமல் அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தேர்ச்சியை அளந்து மேலே ஏற்றும் ஒரு ஏணி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசுவது குறைவு என்பது எனக்கு எப்போதும் உள்ள கவலை. தேசிய தொழில் தகைமை, எங்கள் வாயில் என்.வி.கியூ. ஏழு மட்டங்கள். தேர்ச்சி நியமம் எழுதி வைத்து, செய்து காட்டினால் சான்றிதழ். பத்து வருடம் மேசன் வேலையோ வயரிங் வேலையோ செய்த ஒருவர் வகுப்புக்கே போகாமல் முன்கற்றலுக்கான மதிப்பீட்டில் சான்றிதழ் எடுக்கலாம். ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் அந்த ஏழாம் மட்டத்தைப் பொதுப் பட்டத்தின் மட்டத்திலேயே வைக்கிறது. அந்தப் பட்டத்தைக் கொடுக்கவே தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யூனிவோடெக்) 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் அமைந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது, அங்கே இசட் புள்ளி கேட்பதில்லை. ரியூட்டரி வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு இவற்றை யாராவது சொன்னால் நல்லது.

வெளிநாடு போக நினைப்பவருக்கு இன்னொரு கணக்கு. கனடாவுக்குக் குடிவரவு விண்ணப்பம் போடுகிறவர்கள் வேர்ல்ட் எடியுகேஷன் சேர்விசஸ் போன்ற நிறுவனத்திடம் தங்கள் படிப்பை மதிப்பிட்டு வாங்குவார்கள். அங்கே அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தில் முடித்த பட்டம் சுகமாகப் போகும். பாதியில் விட்ட படிப்பும் தளத்துச் சான்றிதழும் அப்படிப் போகாது. என் எண்ணம் இதுதான்: கிரெடிட்டைச் சேர்த்துக்கொண்டு பிறகு இடம் தேடுவது பிழையான வரிசை. முதலில் முடிக்கப்போகும் கல்லூரியைத் தெரிந்துவிட்டு, அந்தக் கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொண்ட பாடத்தை மட்டும் வெளியில் படித்தால் காசும் மிச்சம், காலமும் மிச்சம். தேர்ச்சி முறைக் கல்லூரியிலேயே சேர்ந்தால், சேர்ந்த இடத்திலேயே பட்டத்தை முடித்துவிட்டு வெளியே வருவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. நடுவில் இடம் மாறுவதற்குத்தான் இந்த முறை மிகவும் சிரமப்படும்.

அன்றைக்கு நானும் அவளும் மேசையில் இருந்து இரண்டு மணித்தியாலம் வேலை செய்தோம். ஏழு பாடத்தின் பாடத்திட்டங்களையும் இறக்கி எடுத்தோம். தளம் பிறகு பாடத்தை மாற்றினால் பழையது கிடைக்காது. ஆகவே படித்த காலத்தில் இருந்த பாடத்திட்டமே கையில் இருக்க வேண்டும். எந்தப் பாடத்தில் என்ன சோதனை, என்ன ஒப்படை என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினாள். அவள் விரும்பும் மூன்று கல்லூரிகளின் முகாமைத்துவப் பாடத்தாளை எடுத்து, எந்தப் பாடம் எதற்குக் கிட்ட வரும் என்று பென்சிலால் கோடு போட்டோம். பிறகு மூன்று பதிவாளர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல். அதில் “எடுப்பீர்களா” என்று பொதுவாகக் கேட்கவில்லை. இந்தப் பாடத்தை உங்கள் இந்த இலக்கப் பாடத்துக்குப் பதிலாக எடுப்பீர்களா, எடுத்தால் எத்தனை கிரெடிட், அந்த முடிவு எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

எட்டாவது பாடத்தை அவள் இன்னும் திறக்கவில்லை. மாதக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். ஒரு கல்லூரி ஏழில் மூன்றை எடுப்பதாகவும், அதில் இரண்டை விருப்பத் தெரிவாக மட்டும் எடுப்பதாகவும் பதில் போட்டிருக்கிறது. மற்ற இரண்டு பதிலுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.